பீம் கணக்கும் கண்ணாடி சிலேட்டும்: ஏழு மாச டேப்லெட் அனுபவம்

ஏழு மாசமா என்னோட ஸ்ட்ரக்சுரல் கணக்கு, அதாவது பீம் (உத்தரம்), கனெக்ஷன் எல்லாம் பாரம் தாங்குமான்னு பாக்கற கணக்கு எல்லாத்தையும் பேப்பர்ல எழுதாம டேப்லெட்லயே எழுதிட்டு இருக்கேன். நடுவுல ரெண்டு தடவை வெறுத்துப்போய் பழைய பேப்பர் பேடுக்கே திரும்பிட்டேன், மூணாவது தடவைதான் நிலைச்சுது. ஏன் அந்த ரெண்டு தடவை ஓடிப்போனேன், அப்புறம் என்னத்தை மாத்தினதால இது ஒத்து வந்துச்சுன்னு ஒரு பதிவா எழுதி வெச்சுக்கலாம்னு தோணுச்சு, இதே யோசனைல இருக்கற யாருக்காவது ஒரு வாரம் மிச்சமாகும்.

முதல்ல ஒரு கேள்வி வரும், இந்த காலத்துல எதுக்குய்யா கைல எழுதிட்டு, எக்செல்ல போட்டா முடிஞ்சுதேன்னு. ஒரே மாதிரி இருபது பீம் இருந்தா நானும் எக்செல்தான். ஆனா ஒரு தடவை மட்டும் வர்ற விஷயங்கள் இருக்கே, ஒரு பிராக்கெட், பழைய பீம்ல புதுசா ஒரு மெஷின் ஏத்தறாங்க தாங்குமா, ஏதோ ஒரு கோணல்மாணல் கனெக்ஷன், இதுக்கெல்லாம் படம் போட்டு பக்கத்துலயே கணக்கு போட்டாதான் எனக்கு புத்தி ஓடும். அதோட எக்செல் ஷீட்டை பிரிண்ட் எடுத்தா விடை மட்டும்தான் தெரியும், ஃபார்முலா செல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்திருக்கும். கைல எழுதறப்ப ஃபார்முலா ஒரு வரி, நம்பர் போட்டது ஒரு வரி, விடை ஒரு வரின்னு மூணும் கண்ணு முன்னாடி இருக்கும், செக் பண்றவர் பேனாவை வெச்சுகிட்டு வரிக்கு வரி டிக் அடிச்சுட்டுப் போவார்.

சரி, டேப்லெட்டுக்கு வர்றேன். என்கிட்ட இருக்கறது 11 இன்ச், 4:3 ஸ்க்ரீன், பேட்டரி இல்லாத பேனா. டேப்லெட் பேனாவுல பெரிய பிரிவு ரெண்டு. ஒண்ணு இஎம்ஆர்னு சொல்ற வகை, ஸ்க்ரீனுக்கு அடியில இருக்கற போர்டுதான் பேனாவுக்கு பவரே குடுக்குது, அதனால பேனாவுக்குள்ள பேட்டரி வேண்டாம், வேக்கம் கம்பெனியோட டெக்னாலஜி, சாம்சங் எஸ் பென் எல்லாம் இதுல வர்றதுதான். இன்னொண்ணு பேனாவுக்குள்ளயே பேட்டரி இருக்கற ஆக்டிவ் வகை, ஆப்பிள் பென்சில் மாதிரி. 4096 பிரஷர் லெவல்னு டப்பால பெருசா போட்டிருப்பாங்க, அது படம் வரையறவங்களுக்கு, நமக்கு பத்து லெவல் இருந்தாலே தாராளம். நமக்கு வேண்டியது வேற: மெதுவா இழுக்கற கோடு நேரா வரணும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ஸ்க்ரீன் மேல சாய்வா வெச்சு, ஆமை வேகத்துல ஒரு கோடு இழுங்க. சில மெஷின்ல அந்தக் கோடு பாம்பு போற மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு வரும். வேகமா எழுதினா தெரியாது, ஆனா லோடு டயக்ராமும் ட்ரஸும் (முக்கோணம் முக்கோணமா கோத்த சட்டம்) வரையறவனுக்கு அது தினசரி எரிச்சல். அதே சமயம் பேனா முனைக்கும் மை விழற இடத்துக்கும் இடைவெளி தெரியுதான்னும் பாத்துக்குங்க, கண்ணாடியையும் டிஸ்ப்ளேவையும் ஒட்டி லேமினேட் பண்ணின ஸ்க்ரீன்ல இது ரொம்ப கம்மி, ஒட்டாத ஸ்க்ரீன்ல சப்ஸ்கிரிப்ட் (எழுத்துக்குக் கீழ போடற குட்டி எழுத்து) எழுதினா பக்கத்து எழுத்து மேல போய் உக்காரும்.

ஒரு இ-இங்க் டேப்லெட்டை நண்பர்கிட்ட கடன் வாங்கி ஒரு வாரம் ஓட்டினேன், 10.3 இன்ச், கருப்பு வெள்ளை. எழுதற சுகம் சொல்லி மாளாது, வெயில்லயும் பளிச்சுன்னு தெரியுது. ஆனா செக் பண்றவரோட சிவப்பு என்னோட கருப்புல இருந்து தனியா தெரியலைன்னா என் வேலைக்கு ஆகாது, திருப்பிக் குடுத்துட்டேன்.

முதல் தடவை ஓடிப்போனதுக்கு காரணம் சைஸ். ஏ4 பேப்பரோட மூலைக்கு மூலை அளவு 14.3 இன்ச். என் ஸ்க்ரீன் அகலம் 168 மிமீ, உயரம் 223 மிமீ. முழு பக்கத்தையும் ஸ்க்ரீன்ல அடக்கினா 75 சதவீதமா சுருங்குது, அதாவது பேப்பர்ல 5 மிமீ கட்டமா இருந்தது ஸ்க்ரீன்ல 3.8 மிமீ கட்டமா ஆகுது. கண்ணாடி மேல எழுதறப்ப என் கையெழுத்து பேப்பரை விட பெருசாதான் வருது, சின்ன கட்டத்துக்குள்ள அடங்க மாட்டேங்குது, அதனால என்ன பண்ணேன், ஸூம் பண்ணி எழுதினேன். ஒரு வரிக்கு ரெண்டு மடங்கு ஸூம், அடுத்த வரிக்கு ஒண்ணரை, படம் போட திரும்ப வெளிய. முடிச்சுட்டு பிரிண்ட் எடுத்துப் பாத்தா ஒரே பக்கத்துல ஒரு இடத்துல எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து, அதுக்குக் கீழயே சுவர் விளம்பரம் சைஸ்ல எழுத்து. கோடு தடிமனும் இடத்துக்கு இடம் மாறியிருக்கு. நாலு பேர் சேர்ந்து எழுதின மாதிரி இருந்துச்சு. அன்னிக்கே டேப்லெட்டை மூடி வெச்சுட்டு பேடை எடுத்துட்டேன்.

அதோட சேர்த்து இன்னொரு கூத்து. முதல்ல நான் எடுத்தது முடிவே இல்லாத கேன்வாஸ் இருக்கற ஒரு நோட் ஆப். எந்தப் பக்கமும் இழுத்துகிட்டே போகலாம், அருமையா இருந்துச்சு, பிடிஎஃப் ஆக்கற வரைக்கும். பக்கம் பிரியற இடத்துல ஒரு மொமென்ட் டயக்ராம் (பீமை வளைக்கற விசை எங்க எவ்வளவுன்னு காட்டற படம்) சரியா இடுப்புல வெட்டுப்பட்டு பாதி இங்க பாதி அங்க. கணக்குன்னா அது ஷீட் நம்பரோட இன்னொருத்தர் கைக்குப் போற பொருள், அதுக்கு விளிம்பு வேணும். அப்ப இருந்து நிலையான பக்க அளவு இல்லாத ஆப் பக்கமே போறதில்ல.

ரெண்டாவது முயற்சிக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து சொந்தமா டெம்ப்ளேட் போட்டேன். இங்க்ஸ்கேப்னு ஒரு வரையற சாஃப்ட்வேர்லதான் வரைஞ்சேன், லிப்ரேஆஃபிஸ் ட்ராலயும் பண்ணலாம். கணக்கு இதுதான்: ஏ4 அகலம் 210. இடது பக்கம் பஞ்ச் பண்ண 20 மிமீ, வலது பக்கம் 10 மிமீ விட்டா நடுவுல 180. கட்டத்தை 5க்கு பதிலா 6 மிமீ ஆக்கினேன், 180க்கு சரியா 30 கட்டம். அதுல முதல் 4 கட்டம் ரெஃபரன்ஸ் காலம் (குறிப்புக்கான நெடுவரிசை), எந்த ட்ராயிங், டிசைன் விதிப் புத்தகத்துல எந்த பிரிவு, எந்த ஷீட்ல இருந்து இந்த நம்பர் வந்துச்சுன்னு எழுத. நடுவுல 21 கட்டம் கணக்கு. கடைசி 5 கட்டம் ரிசல்ட் காலம், பெட்டி போட்ட விடை மட்டும். உயரத்துல மேல 10 விட்டு, 30 மிமீ தலைப்பு, கீழ 11 விட்டா 246 மிச்சம், அது 41 கட்டம், அதுவும் மிச்சமில்லாம வந்து விழுந்துச்சு. தலைப்புல ப்ராஜெக்ட், எந்த மெம்பர், போட்டவர், செக் பண்ணவர், தேதி, ஷீட் நம்பர், ரிவிஷன். ஸ்க்ரீன்ல அகலத்துக்கு ஃபிட் பண்ணா 80 சதவீதம், அப்ப 6 மிமீ கட்டம் 4.8 மிமீயா தெரியும், என் கைக்கு அது ஒத்துவருது. அகலம் ஃபிட் பண்ணி ஸூமை லாக் பண்ணிட்டேன், அவ்வளவுதான், எழுத்து சைஸ் பிரச்சனை அதோட செத்துச்சு. கீழ கொஞ்சம் தள்ளிதான் மிச்ச பக்கம் தெரியும், பரவாயில்ல.

கட்டத்தோட கலர் பத்தி ஒரு வார்த்தை. பேப்பர்ல வர்ற இஞ்சினியரிங் பேட்ல கட்டத்தை பின்பக்கம் அச்சடிச்சிருப்பாங்க, முன்பக்கம் லேசா தெரியும், காப்பி எடுத்தா வராது, யார் யோசிச்சதோ தெரியல, கில்லாடி. டேப்லெட்ல பின்பக்கம்னு ஒண்ணு கிடையாதே, அதனால ரெண்டு டெம்ப்ளேட் வெச்சிருக்கேன், ஒண்ணு கட்டத்தோட, இன்னொண்ணு காலம் கோடும் தலைப்பும் மட்டும். எழுதி முடிச்சு அனுப்பறப்ப பக்கத்தோட பின்னணியை ரெண்டாவதுக்கு மாத்திடுவேன். வெளிர் பச்சை கட்டத்தோட கருப்பு வெள்ளை லேசர்ல பிரிண்ட் எடுத்தா கட்டம் எல்லாம் புள்ளி புள்ளியா உடைஞ்சு வரும், அதுல எது தசம புள்ளி எது கட்டப் புள்ளின்னு தேடிட்டு இருக்கணும்.

தசம புள்ளின்னதும் ஞாபகம் வருது, இதுதான் ரொம்ப ஆபத்தான விஷயம். ஆரம்பத்துல பிரஷருக்கு ஏத்த மாதிரி தடிமன் மாறற ஃபவுண்டன் பேனா டூல் வெச்சு எழுதினேன், கையெழுத்து அழகா தெரியும்னு. புள்ளி வைக்கறப்ப நாம அழுத்தறதில்ல, சும்மா தொட்டுட்டு எடுப்போம். சில சமயம் தூசி சைஸ்ல விழுந்துச்சு, சில சமயம் விழவே இல்ல. 2.5ன்னு எழுதினதா நான் நினைச்சுட்டு இருக்கேன், ஷீட்ல 25ன்னு இருக்கு. இப்ப ஒரே தடிமன் பால் பாயிண்ட் டூல், பேப்பர் அளவுல 0.5 மிமீ, அதோட புள்ளிக்கு ஒரு சின்ன கோடா இழுத்து வைக்கறது பழக்கமாயிடுச்சு. ஒண்ணுக்கும் கம்மியான நம்பருக்கு முன்னாடி சைபர் போடாம விடறதே இல்ல. என் 6ம் 0வும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதனால 6க்கு வாலை நீட்டிட்டேன்.

ஆப்போட புத்திசாலித்தனத்தை எல்லாம் முதல் நாளே ஆஃப் பண்ணிடுங்க. ஃபிக்ஸட் சப்போர்ட் (பீம் நுனியை இறுகப் பிடிக்கற தாங்கி) வரையறோம், சுவர்னு காட்ட சாய்வு சாய்வா கோடு கிழிப்போம் இல்லையா, ஹேச்சிங். நான் கிழிச்சு முடிக்கறதுக்குள்ள சப்போர்ட், பீமோட நுனி, பக்கத்துல எழுதியிருந்த ரியாக்ஷன் (தாங்கி திருப்பித் தர்ற விசை) எல்லாம் காணோம். திரும்ப வரைஞ்சேன், திரும்ப காணோம். பேனா கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, கிறுக்கினா அழிக்கறதுன்னு ஒரு வசதி ஆன்ல இருந்திருக்கு, என் ஹேச்சிங்கை கிறுக்கல்னு எடுத்துகிட்டு அடியில இருக்கறதை எல்லாம் சுத்தம் பண்ணி விட்டிருக்கு. கோட்டு முடிவுல கொஞ்ச நேரம் பேனாவை நிறுத்தினா நேர்கோடா மாத்தற வசதியை மட்டும் வெச்சுகிட்டேன், அது தங்கம். சமக்குறி போட்டதும் விடையை தானே எழுதற சமாச்சாரம் 2024ல ஐபேட்ல வந்துச்சு, அந்த மாதிரி எதுவும் நான் வெச்சுக்கல, கால்குலேட்டர் பக்கத்துலயே இருக்கு, நம்பரை நானே தட்டினாதான் எனக்கு அது பழகும்.

நடுவுல ஒரு ரிப்பேர் கதையும் உண்டு. மூணாவது மாசம் திடீர்னு ஸ்க்ரீனோட வலது கீழ் மூலைல மட்டும் கோடு நாலு மிமீ தள்ளி விழ ஆரம்பிச்சுது. நிப்பை மாத்தினேன், ரீஸ்டார்ட் பண்ணேன், பேனா செட்டிங்கை அழிச்சு திரும்ப போட்டேன், ஒண்ணும் நடக்கல, சர்வீஸுக்கு குடுக்கணும் போலன்னு உறையைக் கழட்டி வெச்சுட்டு கடைசியா ஒரு தடவை கிறுக்கிப் பாத்தா எல்லாம் சரியா இருக்கு. உறையை மாட்டினா திரும்ப தள்ளுது. அந்த வாரம்தான் புது உறை வாங்கியிருந்தேன், அதோட மூடியை பின்னாடி மடிச்சா மூடிக்குள்ள இருக்கற காந்தம் சரியா அந்த மூலைக்கு அடியில வந்து உக்காருது. இஎம்ஆர் பேனா காந்தப்புலத்துலதான் வேலை செய்யுது, அதுக்கு அடியில காந்தத்தை வெச்சா எங்க போகும். ரெண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம், கடைசில மூடியை கத்தரிச்சு விட்டுட்டேன். ஸ்டீல் ஸ்கேலையும் ஸ்க்ரீன் மேல வைக்கறதில்ல, கீறலும் விழும்.

மேட் ஃபிலிம் ஒட்டினது நல்ல முடிவு. வெறும் கண்ணாடில பேனா வழுக்கிட்டு ஓடும், ஃபிலிம் மேல ஒரு சின்ன பிடிமானம் கிடைக்குது. விலையா நிப் சீக்கிரம் தேயும், வெள்ளை பின்னணில லேசா மணல் தூவின மாதிரி தெரியும். நிப் ஒரு பக்கம் தேஞ்சு உளி மாதிரி ஆயிடுச்சுன்னா மாத்திடணும், அந்த ஓரம் ஃபிலிமைக் கீறும்.

இப்ப ரெண்டாவது தடவை ஏன் ஓடினேன்னு சொல்றேன், இது மெஷின் தப்பில்ல, என் தப்பு. சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம், அதாவது ரெண்டு நுனியும் சும்மா தாங்கி மேல உக்காந்திருக்கறது, ஸ்பான் (தாங்கிக்கு தாங்கி தூரம்) 6 மீட்டர், சர்வீஸ் லோடு (நிஜமா வர்ற பாரம்) மீட்டருக்கு 20 கிலோநியூட்டன், பாதுகாப்புக்கு பாரத்தைப் பெருக்கற ஃபேக்டர் விஷயத்தை இங்க விட்டுடறேன். மொமென்ட் டபிள்யூ எல் ஸ்கொயர் பை 8 (டபிள்யூ லோடு, எல் ஸ்பான்), 90 கிலோநியூட்டன் மீட்டர். ஷியர் (பீமை வெட்டப் பாக்கற விசை) 60 கிலோநியூட்டன். செக்ஷனோட (பீமோட குறுக்குவெட்டு) ஐ, அதாவது வடிவத்தால வர்ற வளையாத தன்மை, 12,000 செமீ⁴, ஈ, அதாவது பொருளோட விறைப்பு, 200 ஜிகாபாஸ்கல், டிஃப்ளெக்ஷன் (பீம் தொய்யற அளவு) 14.1 மிமீ, லிமிட் ஸ்பான் பை 360ன்னா 16.7, ஓகே. அடுத்த பீம் அதே லோடு, அதே செக்ஷன், ஸ்பான் மட்டும் 7 மீட்டர். பேப்பரா இருந்தா திரும்ப எழுதியிருப்பேன். இங்கதான் லாஸோ இருக்கே, மொத்த பிளாக்கையும் வளைச்சுப் பிடிச்சு காப்பி பண்ணி அடுத்த பக்கத்துல ஒட்டினேன். 6ஐ அழிச்சு 7 ஆக்கினேன், மொமென்ட்டை 122.5 ஆக்கினேன், ஷியரை 70 ஆக்கினேன், அப்ப பாத்து ஒரு ஃபோன் வந்துச்சு. பேசி முடிச்சு வந்து பாத்தா பக்கம் முழுக்க எழுதியிருக்கு, ரிசல்ட் காலத்துல 14.1, 16.7ஐ விட கம்மி, ஓகேன்னு பெட்டி, பக்கத்துல டிக். முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டேன்.

செக் பண்ற சார் சாயங்காலம் கூப்பிட்டார். "ஏம்ப்பா, ஏழு மீட்டர் பீமுக்கு லிமிட் எப்படி 16.7 வரும்?" அவ்வளவுதான் கேட்டார். 7000 பை 360ன்னா 19.4. சரி, லிமிட் தான கூடியிருக்கு நல்லதுதானேன்னு ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், அப்புறம்தான் உறைச்சுது டிஃப்ளெக்ஷனும் பழசுதான்னு. அது ஸ்பானோட நாலாவது பவர்ல ஏறும், 7 பை 6ஐ நாலு தடவை பெருக்கினா 1.85, 14.1 போய் 26 ஆயிடுச்சு. 19.4க்கு எதிர்ல 26. ஐ குறைஞ்சது 16,100 செமீ⁴ கிட்ட வேணும், செக்ஷனையே மாத்தணும். நான் போடாத டிக் மார்க் கூட காப்பியாகி வந்து உக்காந்திருக்கு பாருங்க, அதுதான் என்னைக் கொன்னுது. பேப்பர்ல ஒரு வரியைத் திரும்ப எழுதறப்ப கை அந்த நம்பர் வழியா ஒரு தடவை நடந்து போகுது, சும்மா பாத்து எழுதினாக்கூட எங்கயாவது இடறும். லாஸோல அந்த நடை கிடையாது.

ரெண்டு வாரம் பேடுக்கே போயிட்டேன். திரும்ப வந்தப்ப ஒரு முறை வெச்சுகிட்டேன், இன்னிக்கு வரைக்கும் அதுதான் ஓடுது. எதைக் காப்பி பண்ணி ஒட்டினாலும் செலக்ஷன் கலையறதுக்குள்ள அதோட கலரை ஆரஞ்சு ஆக்கிடுவேன். ஒவ்வொரு நம்பரா அழிச்சு, அது மாறாத நம்பரா இருந்தாலும் சரி, கருப்புல நானே எழுதுவேன். ஃபார்முலாவும் படமும் சரி பாத்த பிறகு கருப்பாகும். டிக்கும் பெட்டியும் காப்பில வரவே கூடாது, வந்தா அழிச்சுடுவேன். பக்கத்துல ஒரு துளி ஆரஞ்சு இருந்தாலும் அந்த ஷீட் முடியலைன்னு அர்த்தம், ஃபோன் வந்தாலும் சரி, மறுநாள் காலைல திறந்தாலும் சரி, எங்க விட்டேன்னு ஆரஞ்சு சொல்லிடும்.

அழிக்கறதுலயும் ஒரு கட்டுப்பாடு. சிலேட்டு மாதிரி எச்சில் தொட்டு அழிச்சா தடமே தெரியாது, அதுதான் தொல்லை. விடைக்கு பெட்டி போடற வரைக்கும் ரப்பர் உண்டு, பெட்டி போட்டாச்சுன்னா கிடையாது, ஒரு கோடு அடிச்சு பக்கத்துல புதுசு. செக் ஆகி வந்த ஷீட்டைத் தொடணும்னா பக்கத்தை டூப்ளிகேட் பண்ணி ரிவிஷன் நம்பரை ஏத்திட்டு அதுல வேலை. ஒரு தடவை எல்லாம் ஒழுங்கா அனுப்பியும் சார் பக்கம் வெறும் டெம்ப்ளேட்தான் தெரியுதுன்னார், என் எழுத்து ஒண்ணு கூட இல்ல. மை எல்லாம் பிடிஎஃப் மேல ஒட்டின அனோட்டேஷனா போயிருக்கு, அவர் திறந்த வியூவர் அதைக் காட்டல. அதனால இப்ப ஃபிளாட்டன் பண்ணின, அதாவது மையையும் பக்கத்தையும் ஒண்ணாக்கின பிடிஎஃப்தான் அனுப்பறது, அன்னன்னிக்கு தேதி போட்டு ஒரு காப்பி வேற இடத்துலயும் போகும். அவர் சிவப்பு போட்டு திருப்பி அனுப்பறது தனி ஃபைலா அப்படியே இருக்கும், என் ஒரிஜினல்ல கலக்க மாட்டேன்.

தீராத ஒண்ணு பாக்கி இருக்கு. பேப்பர்னா லோடு எழுதின ஷீட்டை இடது பக்கம், செக்ஷன் டேபிளை மேல, எழுதறதை நடுவுலன்னு பரப்பி வெச்சுக்கலாம். 11 இன்ச்ல ஸ்க்ரீனைப் பிரிச்சா ரெண்டு பக்கமும் உதவாம போகுது, பக்கம் மாத்தி மாத்தி பாத்தா நம்பர் வழியிலயே மறந்துடுது. அதனால ஒவ்வொரு வேலைக்கும் முதல்ல ஸ்பான், லோடு, செக்ஷன் இந்த மூணையும் ஒரு துண்டுப் பேப்பர்ல பென்சிலால எழுதி டேப்லெட் ஓரத்துல டேப் போட்டு ஒட்டிக்கறேன்.